உங்களுக்குத் தெரியுமா? 200-ஐப் பிரிக்க எத்தனை வழி!

4-ஐக் கூட்டலாக எழுத 5 வழிகள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. இதையே 10-க்குச் செய்தால் 42. 100-க்கு 19,05,69,292. 200-க்கு? 3972999029388. அதாவது 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388 வழிகள்!

பீரங்கிப்படை அதிகாரியாக இருந்து கணிதத்துக்கு வந்த மேஜர் மக்மஹோன், கணிப்பொறி இல்லாத காலத்தில் 1 முதல் 200 வரை ஒவ்வொன்றுக்கும் கையாலேயே கணக்கிட்டுப் பட்டியல் தயாரித்தார். அசாத்தியப் பொறுமை!

அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் இருந்த நம் கணிதமேதை ராமானுஜனும் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியும் இந்த எண்ணிக்கைக்கு ஒரு சூத்திரம் கண்டு, 1918-ல் வெளியிட்டார்கள். தோராய விடைக்கான சூத்திரம்தான் அது. ஆனால் 200-க்கு அதன் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது வந்த விடை 3972999029388.004. மக்மஹோனின் 13 இலக்க எண்ணிலிருந்து வித்தியாசம் வெறும் 0.004! பை (π) என்ற எண்ணும் வர்க்கமூலங்களும் நிறைந்த ஒரு கோவை, முழு எண்ணுக்கு இத்தனை பக்கத்தில் வந்து நிற்பது கணித வரலாற்றின் பேரதிசயங்களில் ஒன்று.

மக்மஹோனின் பட்டியலில் ராமானுஜன் வேறொன்றையும் கவனித்தார். 4 அல்லது 9-ல் முடியும் எந்த எண்ணுக்கும், வழிகளின் எண்ணிக்கை 5-ஆல் மீதியின்றி வகுபடும். அதை அவரே நிரூபித்தும் காட்டினார். 9-ஐ நீங்களே பிரித்து எழுதிப் பாருங்கள்: சரியாக 30 வழிகள் வரும்.