கர்ப்ப காலத்தில் கசகசா

குருமாவுக்கும் பாயாசத்திற்கும் அரைத்துச் சேர்க்கும் கசகசா, அபினிச் செடியின் விதையாகும். இதனாலேயே கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடலாமா என்ற ஐயம் பல வீடுகளில் எழுகிறது. சமையலில் சேரும் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கசகசாவை மருந்தாக எண்ணிக் குடிப்பது வேறு விஷயம்.

விதைக்குள் அபினி கிடையாது. முற்றாத காயைக் கீறும்போது வடியும் பாலே அபினி. அறுவடையில் அந்தப் பாலும் காய்த்தோலின் துகளும் விதையின் மேல் ஒட்டிக்கொள்வதால் மார்ஃபின், கோடீன் ஆகியவை சிறிதளவு வந்து சேர்கின்றன. எவ்வளவு சேரும் என்பது விளைந்த இடத்தையும் அறுவடை முறையையும் பொறுத்து வெகுவாக மாறும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடல் எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் மார்ஃபின் என்பதை ஒரு நாளுக்கான பாதுகாப்பான எல்லையாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கூறியது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது 0.6 மில்லிகிராம். ஐரோப்பாவில் விற்கும் ஒரு கிலோ கசகசாவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அந்த உச்ச அளவே இருந்தாலும் எல்லையைத் தொட 30 கிராம் சாப்பிட வேண்டும். நால்வருக்கான குருமாவில் இரண்டு தேக்கரண்டி, அதாவது சுமார் 6 கிராம் போட்டால், ஒருவர் பங்கு ஒன்றரை கிராம்தான். ஆனால் உதிரியாக வாங்கும் கசகசாவில் மார்ஃபின் எவ்வளவு என்று அறிய வழியில்லை. ஆகவே பாயாசத்தை ஒரு சிறு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கழுவி, ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு அரைத்து வேகவைத்தால் ஒட்டியிருப்பதில் பெரும்பகுதி போய்விடும். கொட்ட வேண்டிய அந்த நீரைத்தான் சிலர் தூக்கத்திற்காகக் குடிக்கிறார்கள்! நிறைமாதத்தில் தூக்கம் வராமல் புரளும் பெண்ணுக்குக் கைநிறையக் கசகசாவை ஊறவைத்தும் பாலில் காய்ச்சியும் தினமும் கொடுப்பது தவறு. மார்ஃபின் நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சென்றடையும். தாய் தொடர்ந்து அதிகம் உட்கொண்டால், பிறந்த குழந்தைக்கு நடுக்கம், ஓயாத அழுகை, பால் குடிக்கச் சிரமம் போன்றவை ஏற்படலாம். தாய்க்கு மலச்சிக்கலும் கூடும். கசகசா நீர் குடித்த பின் மிகுந்த மயக்கமோ மூச்சு மந்தமோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்த்தோட்டுக் கஷாயத்தை அறவே தொடக் கூடாது.

கால்சியத்திற்காகச் சாப்பிடச் சொல்வதும் உண்டு. ஒரு தேக்கரண்டியில் கிடைப்பது ஏறக்குறைய 40 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில் 240 மில்லிகிராம் வரை இருக்கிறது.

இலங்கையில் பலூடாவில் போடும், நீரில் ஊறி வழவழக்கும் விதையையும் கசகசா என்பார்கள். அது சப்ஜா விதை, திருநீற்றுப்பச்சிலையின் இனம். அதில் மார்ஃபின் இல்லை.

சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அபினிச் செடியின் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். மகளின் பிரசவத்திற்காக அங்கே செல்லும் தாய்மார்கள், மசாலாப் பொடிகளோடு இதையும் பெட்டியில் வைத்துவிடக் கூடாது.