நேரம் காட்டிக்கொடுக்கும்!

மாணவர்களே! ஒரு கணிப்பொறியின் விசைப்பலகை முன் அமருங்கள். தட்டச்சு முறைப்படி விரல்களை வைத்து, எஃப், ஜே என்ற எழுத்துகளை அடுத்தடுத்துத் தட்டுங்கள். இரண்டும் வெவ்வேறு கைகளுக்குரியவை; சட்டென்று முடிந்துவிடும். இப்போது ஆர், எஃப் என்று தட்டுங்கள். ஒரே விரல் மேலிருந்து கீழே வரவேண்டும். சற்றுக் கூடுதல் நேரமாகும். இந்தச் சிறு வேறுபாடு கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க உதவும் என்றால் நம்புவீர்களா?

தொலைவிலுள்ள கணிப்பொறியை இருந்த இடத்திலிருந்தே இயக்க உதவுவது எஸ்.எஸ்.எச். என்னும் மென்பொருள். 1995-இல் பின்லாந்து நாட்டில் இது உருவானது. அதற்கு முன் பரவலாக இருந்த டெல்நெட் முறையில் கடவுச்சொல் வெளிப்படையாகவே சென்றது. வழியில் ஒட்டுக்கேட்பவர் அதைப் படித்துவிடலாம். எஸ்.எஸ்.எச். எல்லாவற்றையும் மறைகுறியாக மாற்றி அனுப்புகிறது. இடையில் பிடித்தாலும் பொருள் விளங்காது.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? இணைப்பு கிடைத்த பிறகு நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் உடனுக்குடன் தனித்தனிப் பொட்டலமாகப் புறப்படுகிறது. மூடிய உறைக்குள் இருப்பது தெரியாவிட்டாலும், உறை வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம் அல்லவா?

இன்னொன்றும் உண்டு. சாதாரண எழுத்தைத் தட்டினால், அது திரையில் தெரிவதற்காக மறுமுனையிலிருந்து ஒரு பொட்டலம் திரும்பி வரும். கடவுச்சொல் திரையில் தெரியக்கூடாது. ஆகவே எதுவும் திரும்பி வராது. அந்த மௌனமே, "இப்போது கடவுச்சொல் போகிறது" என்று அறிவித்துவிடுகிறது!

2001-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று ஆராய்ச்சியாளர்கள் இதனை ஆராய்ந்தனர். இடைவெளி நேரம் எழுத்தை நேராகச் சொல்லிவிடாது. எந்த எழுத்து இணைகளுக்கு வாய்ப்பு அதிகம், எவற்றுக்குக் குறைவு என்பதை மட்டுமே சொல்லும். அதுவே போதுமானதாக இருந்தது. அவர்களின் சோதனையில் கடவுச்சொல்லைத் தேடும் வேலை சுமார் 50 மடங்கு குறைந்தது. 50 நாள் தேட வேண்டியதை ஒரே நாளில் முடித்துவிடலாம்!

இதற்கு மாற்று என்ன? 2023-இல் வெளியான ஓப்பன் எஸ்.எஸ்.எச். 9.5 பதிப்பில் ஓர் எளிய உபாயம் சேர்க்கப்பட்டது. நீங்கள் விரைவாகத் தட்டினாலும் மெதுவாகத் தட்டினாலும், பொட்டலங்கள் 20 மில்லி வினாடிக்கு ஒன்றாகச் சீராகவே புறப்படும். நீங்கள் நிறுத்திய பிறகும் சிறிது நேரம் போலிப் பொட்டலங்கள் போய்க்கொண்டிருக்கும். எது மெய், எது போலி என்று ஒட்டுக்கேட்பவருக்குத் தெரியாது.

சொல்லை மறைத்தால் மட்டும் போதாது. சொல்லும் நேரத்தையும் மறைக்க வேண்டும். இனி நீங்கள் யோசியுங்கள்: நேரத்தையும் மறைத்துவிட்டோம், பொட்டலத்தின் அளவு எதையேனும் சொல்லிவிடுமா?