கடைப் பற்றிலும் வட்டி உண்டு

உடுமலைப்பேட்டை, குடிமங்கலம், மடத்துக்குளம் பகுதிகளில் மக்காச்சோள விதைப்பு தொடங்கினால் உரக்கடைகளில் பற்று நோட்டும் திறந்துவிடும். விதை, உரம், படைப்புழு மருந்து எல்லாவற்றையும் இப்போது வாங்கி, அறுவடை முடிந்ததும் பணம் கொடுப்பது பழகிப்போன முறை. வட்டி என்ற பேச்சே வராது. ஆனால் ரொக்க விலைக்கும் கடன் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி.

ஒரு கணக்குப் பார்ப்போம். ரொக்கத்துக்கு 20,000 ரூபாய் ஆகும் இடுபொருள், பற்றில் 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதத்தில் திருப்பிக் கொடுத்தால் 2,000 ரூபாய் கூடுதல். அதாவது நான்கு மாதத்துக்கு 10 சதவீதம். ஆண்டுக்கு 30 சதவீதம்.

கடைக்காரரே விளைச்சலையும் எடுத்துக்கொள்வார் என்றால் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். குவிண்டாலுக்கு 50 ரூபாய் குறைத்து 40 குவிண்டால் கொடுத்தால் மேலும் 2,000 ரூபாய் போகிறது. இப்போது உண்மையான வட்டி ஆண்டுக்கு 60 சதவீதம்.

இதே 20,000 ரூபாய்க்கு வேறு வழியும் உண்டு. 1998-ல் தொடங்கிய கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் கழிந்து 4 சதவீதமே. நான்கு மாதத்துக்குச் சுமார் 270 ரூபாய். தமிழகத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் உரிய தேதிக்குள் கட்டுபவர்களுக்குப் பயிர்க்கடன் வட்டியில்லாமல் கிடைக்கிறது. கெடு தவறினால் இந்தச் சலுகை கிடைக்காது. கடன் வாங்கும் நாளிலேயே கெடு தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

கடைக் கடனே கூடாது என்பதல்ல. சிட்டா தன் பெயரில் இல்லாத குத்தகைதாரருக்கும், திடீரென்று புழு விழுந்த வயலுக்கும் உடனே கைகொடுப்பது கடைதான். ஆனால் உரத்தைக் கடனுக்கு வாங்கினாலும் பில் தர வேண்டும், மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பது 1985-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி. பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

களை எடுக்கும் கருவி, செல்போன் போன்றவற்றைத் தவணையில் வாங்கும்போதும் கவனம் தேவை. 24,000 ரூபாய் கருவிக்கு "12 சதவீத வட்டி, 12 தவணை" என்றால் மாதம் 2,240 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே போடப்படுகிறது. அதனால் உண்மை வட்டி சுமார் 21 சதவீதம். "வட்டியில்லாத் தவணை" என்றால், ரொக்கத்துக்கு எவ்வளவு தள்ளுபடி, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. செல்போன் செயலியில் கடன் வாங்கினால், எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்பதும் அதன் விதி.

பற்று நோட்டில் அடுத்த வரி எழுதுமுன் மூன்று கேள்விகள் போதும்: ரொக்க விலை என்ன? கடன் விலை என்ன? எத்தனை மாதம்? விளைச்சலை யாருக்கு விற்பது என்ற உரிமையை மட்டும் கடனோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். உடுமலை ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலையையும் விசாரித்த பிறகு மூட்டையை ஏற்றுங்கள்.