தோலுக்கு ஒரு வைட்டமின்

உங்கள் வீட்டில் காலையில் சாப்பிடும் சீரியல் பெட்டி இருக்கிறதா? அதைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். பல சீரியல்களில் 'நியாசினமைடு' என்று ஒரு பெயர் இருக்கும். அக்கா முகத்தில் போடும் சீரம் பாட்டிலையும் பாருங்கள். அதிலும் அதே பெயர் இருக்கலாம்! "என்னது, சாப்பிடுறதும் முகத்துல பூசுறதும் ஒண்ணா?" என்று கேட்பீர்கள். ஆமாம், ஒன்றுதான்.

நியாசினமைடு என்பது வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம். உணவிலிருந்து சக்தி எடுக்க உடலுக்கு இது வேண்டும். இது கிடைக்காவிட்டால் பெலக்ரா என்ற நோய் வரும். வெயில் படும் இடங்களில் தோல் சிவந்து, கறுத்து, தடித்து உரியும். வயிறும் மூளையும்கூடக் கெடும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழைகள் பெரும்பாலும் மக்காச்சோளத்தையே சாப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் பெலக்ராவால் இறந்தார்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோய் என்று பலர் பயந்தார்கள். டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் மட்டும் அதை நம்பவில்லை. 1916-இல் நோயாளிகளின் தோலிலிருந்து உதிர்ந்த பொருக்கை மாவில் உருட்டி விழுங்கிக் காட்டினார். சீச்சீ! ஆனால் அவருக்கு நோய் வரவில்லை. குறை உணவில்தான் இருந்தது. 1937-இல் விஸ்கான்சினில் கான்ராட் எல்வெஜெம், அந்தக் குறையைத் தீர்ப்பது பி3 என்று கண்டுபிடித்தார். இந்தியாவில் தக்காணத்து ஏழைகள் சோளம் சாப்பிட்டு இதே நோயால் துன்பப்பட்டார்கள். அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன்.

மெக்சிகோ மக்களும் மக்காச்சோளம்தானே சாப்பிட்டார்கள்? அவர்களுக்கு ஏன் வரவில்லை? அவர்கள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த பிறகுதான் அரைத்து டோர்ட்டியா சுடுவார்கள். தாத்தா வெற்றிலையில் தடவுவாரே, அதே சுண்ணாம்பு! மக்காச்சோளத்தில் சிக்கிக் கிடக்கும் பி3-ஐ அது விடுவிக்கிறது.

சரி, முகத்தில் பூசினால் என்ன ஆகும்? தோலின் மேற்பகுதியை ஒரு செங்கல் சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல். நடுவில் உள்ள கொழுப்பு, சிமெண்ட். அந்தக் கொழுப்பைக் கூடுதலாகச் செய்யத் தோலுக்கு நியாசினமைடு உதவுகிறது. ஈரம் உள்ளேயே நிற்கும். நியூஜெர்சிக் குளிரில் தோல் வறண்டு போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொரு வேலையும் அது செய்கிறது. நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைச் செய்யும் செல்கள், சின்னச் சின்னப் பொட்டலங்களாக அதை மற்ற செல்களுக்கு அனுப்புகின்றன. நியாசினமைடு அந்தப் பொட்டலங்கள் போவதைக் கொஞ்சம் குறைக்கிறது. அதனால் பரு விட்டுப்போன கரும்புள்ளி மெல்ல மங்கும். பூசுவதை நிறுத்தினால் இந்த வேலையும் நின்றுவிடும்.

வம்பு இங்கேதான் தொடங்கியது. 1975-இல் இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம் விற்பனைக்கு வந்தது. அதில் முக்கியமான பொருள் இதே பி3. கரும்புள்ளியை மங்க வைக்கும் பொருளை, ஆளையே சிவப்பாக்கும் என்று விற்றார்கள்! கறுப்பாக இருந்தால் வேலை கிடைக்காது என்பதுபோல விளம்பரம் வேறு. "வெயில்ல விளையாடாதே, கறுத்துப் போயிடுவே" என்று ஊரில் யாராவது உங்களிடமும் சொல்லியிருக்கலாம். மெலனின் வெயிலிலிருந்து நம்மைக் காக்கும் குடை. குடையைப் பார்த்து யாராவது வெட்கப்படுவார்களா?

2009-இல் சென்னையில் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கம் தொடங்கியது. 2020 ஜூனில் டெக்சஸின் டாலஸ் நகரிலிருந்து ஒரு பெண் இணையத்தில் ஒரு மனு போட்டார். ஷாதி.காம் என்ற திருமணத் தளத்தில், தோல் நிறத்தைச் சொல்லி வரன் தேட ஒரு வசதி இருந்தது. அதை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டார்கள். அதே மாதம் கிரீம் கம்பெனியும் 'ஃபேர்' என்ற சொல்லை விட்டுவிடுவதாக அறிவித்தது. இப்போது அதன் பெயர் 'குளோ அண்ட் லவ்லி'. பெயர் மாறிவிட்டது. மனசு மாற இன்னும் நாளாகும்.

"அப்போ எனக்கு சீரம் வேணுமா?" உங்கள் வயதில் மென்மையான சோப்பு, மாய்ஸ்சரைசர், வெயிலுக்கு சன்ஸ்கிரீன் போதும். பரு தொல்லை கொடுத்தால் டாக்டரிடம் கேளுங்கள். பி3 வேண்டுமென்றால், இன்று இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி செய்யச் சொல்லுங்கள்.