கட்டில் காலில் விரலை இடித்தால் வலி ஏன் இரண்டு தடவை வருகிறது?

ராத்திரி இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்து, கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொள்ளாதவர் இருக்க முடியாது. முதலில் ‘சுரீர்’ என்று ஒரு வலி. ஒரு விநாடி கழித்து ‘விண் விண்’ என்று இன்னொன்று. இடித்தது ஒரு தடவைதானே?

இரண்டும் கிளம்பியது ஒரே நேரத்தில்தான். வந்த பாதைதான் வேறு. ‘சுரீர்’ வலி வரும் நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை மெலிதாகச் சுற்றியிருக்கும். ‘விண் விண்’ வலியின் இழைகளுக்கு அந்த உறை கிடையாது. அதில் செய்தி விநாடிக்குச் சுமார் 1 மீட்டர்தான் நகரும், நாம் நடக்கும் வேகம்கூட இல்லை. தடிமனான உறை போட்ட, தசைகளை அசைக்கும் இழைகளிலோ விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ.!

நரம்பில் ஓடுவது வீட்டு வயரில் ஓடும் கரன்ட் மாதிரி இல்லை. செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். சும்மா இருக்கும்போது உட்புறம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். தூண்டுதல் வந்ததும் சவ்வில் உள்ள குட்டிக் கதவுகள் டக்கென்று திறக்க, சோடியம் உள்ளே பாய்கிறது. அந்த மின்மாற்றம் பக்கத்துக் கதவைத் திறக்கிறது, அது அடுத்ததை. சரவெடி மாதிரிதான், ஆனால் இந்த வெடி சில மில்லி விநாடிகளில் மறுபடி வெடிக்கத் தயாராகிவிடும். கணவாயின் தடித்த நரம்பிழையில் இதை அளந்து, 1952-ல் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மயலினைச் சுற்றுவது நரம்பு செல் அல்ல, பக்கத்திலேயே இருக்கும் கிளையா செல்கள். கிளையா என்றால் பசை. நரம்புகளை ஒட்டி வைப்பதுதான் இவற்றின் வேலை என்று 19-ம் நூற்றாண்டில் நினைத்து வைத்த பெயர், கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். கை, கால் நரம்புகளில் ஸ்வான் செல் என்ற கிளையா, இழையைப் பாய் மாதிரி சுருட்டிக்கொள்கிறது. இரண்டு சுருட்டலுக்கு நடுவில் சின்ன இடைவெளி. சோடியம் கதவுகள் அங்கேதான் குவிந்திருக்கும். சிக்னல் இடைவெளிக்கு இடைவெளி தாவுவதால்தான் அந்த வேகம்.

இது பழுதானால் என்ன ஆகும் என்பதை 2025 ஜனவரியில் புனே பார்த்தது. கில்லன் பாரே சிண்ட்ரோம் என்ற சந்தேகத்தில் 200-க்கும் மேற்பட்டோர் கணக்கில் வந்தனர். சிலரின் மல மாதிரியில் கேம்பிலோபாக்டர் பாக்டீரியா கிடைக்க, சந்தேகம் குடிநீர் மேல் திரும்பியது. இந்தக் கிருமியின் மேற்பரப்பும் நரம்பின் மேற்பரப்பும் ஓரளவு ஒரே சாயல். கிருமியை அடிக்கக் கிளம்பும் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் நரம்பையும் அடித்துவிடுகிறது. சிலருக்கு உறை போகிறது, சிலருக்கு இழையே அடிபடுகிறது.

வயிற்றுப்போக்கு நின்று ஓரிரு வாரத்தில் இரண்டு கால்களும் மரத்து, படியேற முடியாமல், பலவீனம் மேலே ஏறிக்கொண்டே வந்தால், ‘சத்துக் குறைவு’ என்று வீட்டில் உட்காரக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. சுமார் நான்கில் ஒருவருக்கு மூச்சுத் தசைகளும் தளர்ந்து வென்டிலேட்டர் தேவைப்படும். இம்யூனோகுளோபுலினை டிரிப்ஸில் ஏற்றுவார்கள், அல்லது பிளாஸ்மாவை மாற்றுவார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். ஸ்டீராய்டு மாத்திரை இதற்கு உதவாது.

உறை மட்டும் போயிருந்தால் ஸ்வான் செல்கள் மறுபடி சுற்றிவிடும். சில வாரம், சில மாதத்தில் நடை திரும்பும். இழையே அறுந்திருந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் வரை வந்து சேர இரண்டு வருஷம்கூட ஆகலாம்.