உங்களுக்குத் தெரியுமா? பிள்ளையாரோடு பூசை பெற்ற கற்கோடரிகள்

ஏற்காடு, மாரமங்கலம் முதலான ஊர்கள் அமைந்த சேர்வராயன் மலையில், மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த வழவழப்பான கற்களை மலையாளிப் பழங்குடியினர் வீசி எறியவில்லை. பிள்ளையார் கோயில்களில் வைத்து வணங்கினார்கள். அவை புதிய கற்கால மனிதர் தீட்டிய கோடரிகள்! ஓய்வுக்காலத்தை ஏற்காட்டில் கழித்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இதைப் பதிவு செய்திருக்கிறார். இந்தக் கல் தானாக உருவானதல்ல என்று அந்த மக்கள் உணர்ந்திருந்தால், அது எவ்வளவு சரியானது!

கல்லில் நோக்கத்தைத் தேடும் மனம் குழந்தையிலேயே இருக்கிறது. உளவியலாளர் டெபோரா கெலமென் 1999-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், பாறை ஏன் கூராக இருக்கிறது என்ற கேள்விக்கு, விலங்குகள் மேலே உட்கார்ந்து நொறுக்காமல் இருக்கத்தான் என்ற வகை விடையையே சிறுவர்கள் விரும்பினார்கள்.

அப்படியானால் மதநம்பிக்கையும் பிறவியிலேயே வருகிறதா? அவ்வளவு தூரம் போக முடியாது என்றே நினைக்கிறேன். நோக்கம் தேடும் மனம் கூடப் பிறந்திருக்கலாம். அந்தக் கல்லைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னது ஊரும் உறவும். ஆனால் ஊரும் உறவும் சொல்வதை எல்லோரும் ஏற்பதில்லை: கடவுளை மறுத்தபடியே 94 வயதுவரை ஊர் ஊராகப் பேசிய பெரியாரும் கொங்குச் சீமையில், ஈரோட்டில் பிறந்தவர்தான்.