உஷார்! வண்டியைத் தூக்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள்

புதிதாக மஹிந்திரா தார் எடுத்தவர்களும் ஜிம்னி எடுத்தவர்களும் பட்டறைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணே, எத்தனை இன்ச் தூக்கலாம்?” என்பதுதான். “ரெண்டு தூக்கலாம், மூணும் தூக்கலாம். காலைல விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் எடுத்துக்கலாம்” என்று பதில் வருகிறது. உஷார்! அந்த ஒரு பகலில் மாறப்போவது வண்டியின் உயரம் மட்டும் அல்ல. ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம், ஆக்சில் சுற்றும் கோணம், பிரேக் ஹோஸுக்கு இருக்கும் தளர்ச்சி, வளைவில் வண்டி சாயும் அளவு எல்லாமே சேர்ந்து மாறுகின்றன. மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதே வண்டியில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கப் போகிறவர் நீங்கள். பட்டறைக்காரர் கூட வரமாட்டார்.

முதலில், தூக்கத்தான் வேண்டுமா? 2020இல் வந்த தார், கம்பெனியிலிருந்து வரும்போதே தரையிலிருந்து 226 மி.மீ. இடைவெளியோடு வருகிறது. முன்பக்கம் ஏறும் கோணம் ஏறத்தாழ 42 டிகிரி, 650 மி.மீ. ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்று மஹிந்திராவே சொல்கிறது. ஜிம்னிக்கு 210 மி.மீ. எஸ்டேட் பாதைக்கும் ஆற்று மணலுக்கும் தோட்டத்துச் சேற்றுக்கும் இது தாராளம். இந்த வண்டிகள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் உயரம் போதாமல் அல்ல, டயருக்குப் பிடிப்பு இல்லாமல்தான். நல்ல ஆல் டெரெய்ன் டயர் போட்டு, மணலில் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி ஓட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மேலே வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பட்டறையில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடியும் சேஸியும்தான் உயரும். தாரின் பின்பக்க ஆக்சில் ஒரே முழு ஹவுசிங். அதன் நடுவில் புடைத்து நிற்கும் டிஃப்ரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. ஜிம்னியிலும் கூர்க்காவிலும் முன்னும் பின்னும் அப்படித்தான். பாதை நடுவே துருத்தி நிற்கும் கல் முதலில் இடிக்கிற இடமும் அதுதான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் கிடைப்பது கொஞ்சம்தான். தாரின் 255/65 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 789 மி.மீ. அதை எடுத்துவிட்டு 285/70 ஆர்17 போட்டால் 831. வித்தியாசத்தில் பாதிதான் ஆக்சிலுக்கு வரும்: வெறும் 21 மி.மீ. இந்த 21 மில்லிமீட்டருக்காக ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 105இல் போகும். பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் சுமை கூடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் தேவை இருக்கிறது என்றால், இருக்கட்டும். பாறைப் பாதையில் அடிக்கடி போகிறவருக்கு, வயிற்றுப் பகுதி தட்டாமல் இருக்கவும் சக்கரம் மேலும் கீழும் நன்றாகப் போய்வரவும், ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த நல்ல லிஃப்ட் கிட் உதவும், அதை நான் மறுக்கவில்லை. என் பயம், கிட் என்ற பெயரில் விற்கப்படும் வட்டைகளைப் பற்றியது.

ஸ்பேசர் என்பது, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இருக்கும் ஸ்ட்ரட்டின் தலைக்கு மேலே வைக்கும் ஒரு வட்டை. அலுமினியத்திலும் இருக்கிறது, பாலியூரித்தேனிலும் இருக்கிறது, லேத்தில் கடைந்த நைலானிலும் இருக்கிறது. ஸ்பிரிங் பழையது, ஷாக் பழையது, இடையில் இது மட்டும் புதிது. விலை குறைவு, வேலை சுலபம், பார்ப்பதற்கு வண்டி கம்பீரமாகிவிடும். இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. தாரின் முன்பக்கம் தனித்தனி விஷ்போன் அமைப்பு. ஸ்ட்ரட் சக்கரத்தின் மேல் நேராக நிற்பதில்லை, கீழ் ஆர்மின் உள்பக்கமாகப் பிடித்திருக்கிறது. அதனால் மேலே 25 மி.மீ. வட்டை வைத்தால் சக்கரம் அதைப்போல ஒன்றரை மடங்கு, சில வண்டிகளில் இரண்டு மடங்குகூட, கீழே இறங்கும். ‘ஒரு இன்ச் ஸ்பேசர்’ என்று வாங்கியவருக்கு இரண்டு இன்ச் லிஃப்ட் கிடைப்பது இப்படித்தான். இரண்டு இன்ச் வட்டையையே வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

யோசிக்க வேண்டாம், குனிந்து பார்த்தாலே தெரியும். ஸ்பேசர் போட்ட வண்டியை ஜாக்கியில் ஏற்றி முன்சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். மேல் ஆர்மின் நுனியில் இருக்கும் பால் ஜாயிண்ட் தன் கிண்ணத்தின் விளிம்பில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். சில வண்டிகளில் ஆர்ம், ஸ்பிரிங்கையே உரசி பெயிண்டைத் தேய்த்திருக்கும். உள்ளே டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட், மடிப்பெல்லாம் ஒருபக்கம் விரிந்து மறுபக்கம் நசுங்கி, ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும். அந்த உரசலில் பூட் கிழியும். கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மணல் உள்ளே போகும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வர ஆரம்பிக்கும். அது சிவி ஜாயிண்ட் போகிறது என்பதற்கான எச்சரிக்கை, செலவோடு போய்விடும். பால் ஜாயிண்ட் அப்படி இல்லை. அது முறிந்தால் சக்கரம் உள்ளே மடங்கிவிடும். எந்த வேகத்தில், எந்த வளைவில் என்பது நம் கையில் இல்லை.

ஆகவே முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்குக் கிட் வாங்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்த உயரத்துக்கு மேல் ஆர்ம் மாற்ற வேண்டுமா? கிட்டில் இருக்கிறதா?” ஸ்பிரிங்கும் அதற்குப் பொருத்தமான நீளத்தில் ஷாக்கும் ஜோடியாக வர வேண்டும். நீளமான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஷாக் கடைசிவரை நீண்டு ‘டொக்’ என்று இழுத்து நிற்கும். ஷாக்கின் வேலை அசைவை அடக்குவது. சக்கரத்தைக் கட்டிப்போடும் கயிறு வேலையை அதற்குக் கொடுத்தால் சீல் போகும், எண்ணெய் கசியும்.

ஜிம்னி, கூர்க்கா போன்ற முழு ஆக்சில் வண்டிகளில் வேறு விதமான ஆபத்து. அங்கே தூக்கும்போது ஆக்சில் முழுவதுமே லேசாக உருண்டு, காஸ்டர் கோணம் குறைந்துவிடும். காஸ்டர்தான் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருவது. அது குறைந்தால் நெடுஞ்சாலையில் வண்டி நாய் அலைவதுபோல் இடமும் வலமும் அலையும். கூடவே புஷ்ஷும் ஜாயிண்டும் தேய்ந்திருந்தால், 70, 80 கி.மீ. வேகத்தில் ஒரு சின்னப் பள்ளம் போதும், முன் ஆக்சில் மொத்தமும் வெறிபிடித்ததுபோல் உதற ஆரம்பிக்கும். ஆஃப்ரோடு ஆட்கள் ‘டெத் வாபிள்’ என்று சொல்வது இதைத்தான். வேகத்தை இறக்கி வண்டியை நிறுத்தும்வரை அந்த உதறல் நிற்காது. அதோடு, ஆக்சிலைக் குறுக்கே பிடித்திருக்கும் பன்ஹார்ட் ராடின் கோணம் மாறுவதால் ஆக்சில் ஒருபக்கமாக ஒதுங்கும். கண்ணாடியில் பார்த்தால் ஒருபக்கச் சக்கரம் அதிகமாக வெளியே தெரியும். காஸ்டரைச் சரிசெய்யும் புஷ் அல்லது ஆர்ம், நீளம் மாற்றக்கூடிய பன்ஹார்ட் ராட் இரண்டும் பட்டியலில் இல்லையென்றால் அது பாதிக் கிட்தான். “முதல்ல ஸ்பிரிங் போட்டுடலாம் சார், மத்தது அப்புறம் பாத்துக்கலாம்” என்று சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பாடிக்கும் சேஸிக்கும் நடுவே கட்டை வைக்கும் பாடி லிஃப்ட், பட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை மேல் கட்டையாக அடுக்கும் வேலை இரண்டையும் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வேண்டாம்.

அடுத்தது எடை. நல்ல கம்பெனிகள் ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று விதமான ஸ்பிரிங் விற்கும்: எதுவும் மாட்டாத வண்டிக்கு ஒன்று, இரும்பு பம்பரும் விஞ்ச்சும் மாட்டியதற்கு ஒன்று, அதற்கும் மேல் சுமை ஏற்றுவதற்கு ஒன்று. நம் ஊரில் பலர் ‘ஹெவி டியூட்டிதான் பெஸ்ட்’ என்று கனமானதையே கேட்டு வாங்குகிறார்கள். வெறும் வண்டியில் அதைப் போட்டால் ஸ்பிரிங் அமுங்கவே அமுங்காது. சொன்னதைவிடக் கூடுதலாக உயரம் ஏறும். சக்கரம் தரையைத் தொடர்ந்து பிடிக்காமல் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. கிட் வாங்கும் முன் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஓர் எடை, முழு வண்டிக்கு ஓர் எடை. வழக்கமாக நீங்கள் ஏற்றும் சாமான், ஆட்கள், மேலே கட்டும் கேரியர் எல்லாவற்றோடும் போடுங்கள். அந்தச் சீட்டைக் காட்டி ஸ்பிரிங் கேளுங்கள். சீட்டைப் பார்க்காமலேயே ஸ்பிரிங்கை எடுத்துக்கொடுப்பவருக்கு ஸ்பிரிங்கைப் பற்றித் தெரியாது.

மாட்டும் நாளன்று பக்கத்திலேயே நில்லுங்கள். ஆர்ம் போல்ட்டுகளை எப்போது முறுக்குகிறார்கள் என்று பாருங்கள். வண்டி லிஃப்டில் தொங்கும்போதே கடைசி முறுக்கு முறுக்கிவிட்டால், அந்தத் தொங்கும் நிலையிலேயே ரப்பர் புஷ் பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரமே கிழியும். சக்கரம் தரையில் பட்டு, வண்டியின் முழு எடையும் இறங்கிய பிறகுதான் டார்க் ரெஞ்ச் வைத்துக் கடைசியாக முறுக்க வேண்டும். பிறகு ஒருமுறை சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இருபக்கமும் ஒடித்து, பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் கையால் தொட்டுப் பாருங்கள். விறைப்பாக இழுத்துக்கொண்டிருந்தால் நீளமான ஹோஸ் போடாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். வீல் அலைன்மென்ட்டில் டோவை மட்டும் சரிசெய்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி, காஸ்டர், கேம்பர் எண்கள் கம்பெனி சொன்ன அளவுக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தார் ராக்ஸில், ஓட்டுநருக்கு உதவும் அடாஸ் வசதி உள்ள மாடல் என்றால் கேமராவும் ராடாரும் பழைய உயரத்துக்கு அமைக்கப்பட்டவை, அவற்றை மறுபடி அளவுபடுத்த வேண்டும். ஹெட்லைட்டையும் இறக்கிவையுங்கள். எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும் வெளிச்சமும் ஒரு விபத்துதான்.

வீட்டு வாசலில் நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று காயில் ஸ்பிரிங்கைக் கழற்றும் இளைஞர்களுக்கு: அமுக்கி வைத்த ஸ்பிரிங் கம்ப்ரஸரிலிருந்து நழுவினால் முகத்தையோ கையையோ கொண்டுபோய்விடும். தொடாதீர்கள்!

கவிழ்வதற்கும் கணக்கு இருக்கிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியை, வண்டியின் ஈர்ப்பு மையம் இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை கவிழும் ஆபத்தை மதிப்பிட இதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. அகலம் 1500, மையத்தின் உயரம் 700 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் விடை 1.07. ஸ்பிரிங்கும் டயருமாகச் சேர்ந்து அந்த மையம் 760க்குப் போனால் 0.99. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஒன்றுக்குக் கீழே போன வண்டி, நல்ல பிடிப்புள்ள உலர்ந்த சாலையில் சறுக்குவதற்கு முன்பே சாய்ந்துவிடும். குறுக்கே ஓடிவரும் மாட்டுக்காக ஸ்டியரிங்கை ஒடிக்கும் அந்த ஒரு நொடியில்தான் இது தெரியவரும். வண்டி நிலைதடுமாறாமல் காக்கும் இஎஸ்பி இருக்கிறதே என்று நம்பாதீர்கள். அது கம்பெனி உயரத்துக்கும் கம்பெனி டயருக்கும் எழுதப்பட்டது. குடும்பத்தோடு ரோட்டில் ஓடும் வண்டிக்கு இரண்டு இன்ச்சுக்கு மேல் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்தைக் கேட்டால் அதுகூட வேண்டாம் என்றுதான் சொல்லும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘இது ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு கிட்’ என்று யாராவது சொன்னால் வாய்ப்பேச்சை விட்டுவிட்டுக் காகிதத்தைக் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு க்ளெய்ம் மறுக்கப்படக் காரணமாகலாம். வாரண்டியிலும் சஸ்பென்ஷன், ஆக்சில் பாகங்களுக்குக் கைவிரித்துவிடுவார்கள்.

ஏற்கெனவே தூக்கிவிட்டவர்கள் இந்த வாரமே வண்டியை ஒரு பழக்கப்பட்ட மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பால் ஜாயிண்ட், சிவி பூட், பிரேக் ஹோஸ், அலைன்மென்ட் தாள் என்று நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் லேசாக அலைந்தாலும், திருப்பும்போது டக் டக் கேட்டாலும், அது சரியாகும்வரை மலைப்பாதைப் பக்கம் போகாதீர்கள். இனிமேல் தூக்கப் போகிறவர்கள், கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். இடது வலது எழுதி, எண்ணெய் துடைத்து, வீட்டில் பத்திரமாக வையுங்கள். புது கிட் ஒத்துவரவில்லை என்றால் அன்றைக்கே பழையதை மாட்டிக்கொள்ளலாம்.